மடியில் கனம்: அந்தரங்க உரிமையும் நம் நீதிமன்றங்களும்

"மடியில் கனமில்லையானால் வழியில் பயமில்லை" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி கேட்கும் பழமொழி. அரசாங்கம் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக் கேட்கிறது, செல்பேசி வழியே மக்களின் நடமாட்டத்தைக் கவனிக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் பழமொழியே பதிலாக வந்து நிற்கிறது. "குற்றம் செய்யாதவள் ஏன் அஞ்ச வேண்டும்? கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டுமே!" என்கிறோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் பழமொழியைச் சற்று நின்று பார்ப்போம். மடியில் கனம் என்றால் என்ன? அந்நாளில் கால்நடையாகப் பயணம் போகிறவன் தன் காசைத் துணியில் முடிந்து மடியில் செருகிக்கொள்வான். அது அவன் உழைத்துச் சேர்த்த காசு. வழியில் அவன் அஞ்சியது கள்வருக்கு. எனவே, மடியில் கனம் உள்ளவன் குற்றவாளி என்று பழமொழி எங்கும் சொல்லவில்லை. தன்னுடையது என்று ஒன்றை வைத்திருப்பவனுக்கு அதைப் பற்றிய கவலையும் இருக்கும் என்றே சொல்கிறது.

நம் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு மடிக் கனம் உண்டு. வைத்தியரிடம் சொன்ன நோய், தோழிக்கு எழுதிய கடிதம், வீட்டுக் கடன், நாட்குறிப்பில் எழுதி வைத்த மனத்தாங்கல் ஆகிய இவற்றில் எதுவும் குற்றமன்று. என்றாலும் இவற்றை நாற்சந்தியில் வைத்துப் படிக்க நாம் சம்மதிப்போமா? தேர்தல் நாளில் வாக்குச் சாவடிக்குள் ஒரு மறைப்பு வைத்திருக்கிறார்களே, அது எதற்காக? நாம் செய்யப்போகும் தவற்றை மறைப்பதற்காகவா? நம் விருப்பத்தை எவருக்கும் அஞ்சாமல் தெரிவிப்பதற்காக அல்லவா? அந்த மறைப்பை வைத்திருப்பது அரசாங்கமேதான். நல்ல காரியத்திற்கும் மறைவிடம் வேண்டும் என்பதை அரசே அங்கு ஒப்புக்கொள்கிறது.

இதனால் அரசு எவரையும் கண்காணிக்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. குழந்தையைக் கடத்தியவனையும் வெடிகுண்டு வைப்பவனையும் போலீசார் கண்காணித்துத்தான் பிடிக்க வேண்டும். வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் ஓர் ஒற்றன் கொண்டு வந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் அவரே விதிக்கிறார். கண்காணிப்பவரைக் கண்காணிப்பவர் யார் என்ற கேள்வி அவ்வளவு பழமையானது. எந்தச் சட்டத்தின்படி கவனிக்கிறார்கள், யார் உத்தரவிட்டார், எத்தனை நாளுக்கு, அதைச் சரிபார்ப்பவர் யார் என்னும் இக்கேள்விகளை நம் நாட்டு நீதிமன்றங்கள் எழுபது ஆண்டுகளாகக் கேட்டு வந்த வரலாற்றையே இங்கு படிக்கப்போகிறோம்.

குடிமையியல் பாடத்தில் அடிப்படை உரிமைகளைப் படித்திருக்கிறோம். பேச்சுரிமை, நாடெங்கும் நடமாடும் உரிமை முதலியவை 19-ஆம் பிரிவில் இருக்கின்றன. சட்டம் வகுத்த நெறிப்படியன்றி ஒருவருடைய உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பறிக்கலாகாது என்கிறது 21-ஆம் பிரிவு. அரசியல் சாசனம் முழுவதையும் புரட்டினாலும் அந்தரங்க உரிமை என்ற சொல் கிடைக்காது. வழக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறந்தது. 1954-இல், ஒரு வணிகக் குழுமத்தில் நடந்த சோதனை பற்றிய வழக்கில், எட்டு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருப்பது போன்ற அந்தரங்கப் பாதுகாப்பு நம் சாசனத்தில் இல்லை என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிற்று. அந்த ஒரு வார்த்தை 63 ஆண்டுகள் நிலைத்து நின்றது.

அடுத்து வந்த வழக்கைச் சற்று விரிவாகவே காண வேண்டும். ஏனெனில் அதில் கணிப்பொறியும் இல்லை, செல்பேசியும் இல்லை. கண்காணிப்பு என்றால் என்ன என்பது கண்ணுக்குத் தெரியும்படி நடந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவரை 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் சேர்த்தார்கள். சாட்சியம் இல்லையென்று போலீசாரே அவரை விடுவித்தார்கள். விடுவித்தார்களே தவிர விட்டுவிடவில்லை. நம் ஊரில் 'கேடி லிஸ்ட்' என்பார்களே, அதுபோல அவர் பெயரில் ஒரு குற்றச் சரித்திரப் பதிவேடு திறக்கப்பட்டது. அம்மாநிலப் போலீஸ் விதிகளில் 236-ஆம் விதி, அவ்வாறு பதிவானவர்களை எப்படிக் கவனிப்பது என்று வரிசையாகச் சொல்லியது. வீட்டைச் சுற்றி மறைவாகக் காவல் வைத்தல், இரவில் வீட்டுக்குச் சென்று பார்த்தல், அக்கம்பக்கத்தில் விசாரித்தல், போக்குவரத்தைக் குறித்துக்கொள்ளுதல் ஆகியன அவற்றுள் சில.

இரவில் சௌகிதாரும் போலீசாரும் வந்து கதவைத் தட்டிக் கூச்சலிட்டு உறக்கத்திலிருந்து எழுப்புகிறார்கள் என்று கரக் சிங் முறையிட்டார். சௌகிதார் என்பவர் நம் பக்கத்துத் தலையாரி போன்றவர். வெளியூர் போவதாயின் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமாம். உடனே இந்த ஊர்ப் போலீஸ் நிலையம் அந்த ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குத் தெரிவிக்கும். அங்கே இறங்கியதும் அங்குள்ளவர்களின் கண் அவர்மேல் விழும். ஒரு குற்றமும் நிரூபிக்கப்படாத ஒருவர் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் இப்படி வாழ நேர்ந்தது. வீட்டில் மற்றவர்களும் இருப்பார்கள் அல்லவா? நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது விழித்துக்கொள்வது பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமா?

வழக்கு ஆறு நீதிபதிகள் முன் வந்தது. 1962 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ராஜகோபால அய்யங்கார். மாறுபட்டு எழுதியவர் நீதியரசர் சுப்பா ராவ். இருவருமே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்கள் என்பது நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. இரவில் வீடு புகுவது செல்லாது. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை போன்றது. உறக்கத்தைக் கெடுப்பது தனிமனித சுதந்திரத்தைக் கெடுப்பதேயாகும் என்று பெரும்பான்மையோர் கூறினர். மற்றவை செல்லும் என்றனர். பின்தொடர்ந்து பார்ப்பதால் ஒருவன் நடப்பது தடைப்படவில்லையே, அந்தரங்கம் என்பது சாசனம் தந்த உரிமையன்றே என்பது அவர்கள் வாதம்.

இதில் ஒரு முரண்பாடு இருப்பதை மாணவியர் கவனித்திருப்பீர்கள். அந்தரங்க உரிமையே இல்லையென்றால் இரவில் கதவைத் தட்டுவது மட்டும் எப்படிக் குற்றமாகும்? வீட்டுக்குள் இருக்கும்போது உள்ள அமைதி வாசற்படியைத் தாண்டியதும் பறந்துபோய்விடுமா? சுப்பா ராவ் இந்த இடத்தைத்தான் பிடித்தார். காலில் விலங்கில்லாமல் நடப்பது மட்டும் சுதந்திரமாகாது. ஒவ்வோர் அடியையும் ஒரு கண் அளந்துகொண்டிருக்கும்போது மனத்துக்கே விலங்கு பூட்டப்படுகிறது. அப்படிப்பட்டவனுக்கு நாடே சிறைச்சாலை. இக்கருத்துப்பட எழுதி, 236-ஆம் விதி முழுவதும் செல்லாது என்றார் அவர். நீதியரசர் ஷா அவரோடு உடன்பட்டார். ஆனால் இருவர்தாமே! நால்வர் சொன்னதே சட்டமாயிற்று. சிறுபான்மைத் தீர்ப்பு அச்சில் ஏறி நூலகத்தில் உறங்கியது.

தோற்ற கருத்தை ஏன் அச்சிட்டு வைக்கிறார்கள் என்று நம்மில் சிலர் கேட்கலாம். விவாத மேடையில் தோற்றவர் பேச்சை யாரும் எழுதி வைப்பதில்லை. நீதிமன்றத்தில் எழுதி வைக்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் அதை எடுத்துப் பார்க்கட்டும் என்பதே காரணம். இங்கு அப்படி எடுத்துப் பார்க்க 55 ஆண்டுகள் பிடித்தன.

இடையில் உலகம் மாறிவிட்டது. கரக் சிங்கைக் கவனிக்க ஒரு சௌகிதார், இரண்டு போலீசார், இரண்டு போலீஸ் நிலையங்கள், எழுதி அனுப்பும் சீட்டுகள் என்று எத்தனை பேர் உழைத்தார்கள்! இன்று நம் கைப்பையில் உள்ள செல்பேசி அந்த வேலை முழுவதையும் தானே செய்கிறது. செல்பேசிக்கு அழைப்பு வந்து சேர வேண்டுமானால் அது எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். நாம் திருச்சியில் பஸ் ஏறி மதுரையில் இறங்கும்வரை, ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் நம்மை ஒப்படைத்துக்கொண்டே போகிறது. ஒரு போலீஸ் நிலையம் அடுத்த போலீஸ் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பியதன் புதிய வடிவம் இது என்று கொள்ளலாம். யாருடன் பேசினோம், எப்போது, எத்தனை நிமிடம், எந்தக் கோபுரத்தின் அடியிலிருந்து என்பதெல்லாம் பட்டியலாகப் பதிவாகிறது. இப்பட்டியலை ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்றிருந்ததை 2021 டிசம்பரில் மத்திய அரசு ஈராண்டாக உயர்த்தியது.

பேச்சைக் கேட்டால்தானே விபரீதம், வெறும் பட்டியலில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒரு பெண் காலையில் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பேசுகிறாள்; பத்து நிமிடம் கழித்துத் தாய்க்குப் பேசுகிறாள்; மாலையில் காப்பீட்டு அலுவலகத்துக்குப் பேசுகிறாள். ஒரு சொல்லையும் கேளாமலே அவளுடைய துயரம் முழுவதும் நமக்குப் புரிந்துவிட்டதல்லவா? இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் போலீசார் எண்ணிக்கையே நமக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. ஊரில் எல்லாரையும் பின்தொடர ஆள் ஏது? வேண்டியவரை மட்டும் பொறுக்கியெடுத்துக் கவனிக்க வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. எல்லாரையும் முதலில் பதிவு செய்துகொண்டு, யார் வேண்டும் என்பதைப் பிறகு தேடிக்கொள்ளலாம். நம் கருத்தில் பழைய கண்காணிப்புக்கும் புதியதற்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுதான். மற்றவை எல்லாம் கருவிகளைப் பற்றிய விவரங்களே.

நீதிமன்றத்துக்குத் திரும்புவோம். 1975-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து கரக் சிங் வழக்கைப் போன்றே ஒரு வழக்கு வந்தது. அந்தரங்க உரிமை இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் அதற்கு எல்லை உண்டு என்று சொல்லி, போலீஸ் விதிகளை நீதிமன்றம் விட்டுவிட்டது. கதவு சற்றே திறந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

பெரிய மாறுதல் 1996-இல் வந்தது. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டது பற்றி மத்தியப் புலனாய்வுத் துறை தயாரித்த அறிக்கை ஒன்று வெளியானதையொட்டி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஒட்டுக் கேட்க அன்று அதிகாரம் அளித்தது 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். பொது அவசரநிலை அல்லது பொதுமக்களின் பாதுகாப்பு என்ற இரண்டு நிலைமைகளில் ஒன்று இருந்தாலொழிய அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது. ஆனால் யார், எப்படி, எத்தனை நாள் என்பதற்கு உரிய விதிகளைச் சட்டம் பிறந்து 111 ஆண்டுகள் ஆகியும் எந்த அரசும் வகுக்கவில்லை. வெள்ளைக்காரர் போன பின்னும் அவர்கள் விட்டுப்போன காது அப்படியே இருந்தது!

தொலைபேசியில் பேசுவது ஒருவருடைய அந்தரங்க வாழ்வின் பகுதியே என்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது. கரக் சிங் தீர்ப்பு வந்த அதே தேதி. 34 ஆண்டுகள் கழித்து. விதிகளை அரசு வகுக்கும்வரை இவை நடைமுறையில் இருக்கட்டும் என்று நீதிமன்றமே சில கட்டளைகளை இட்டது. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளரே உத்தரவிட வேண்டும். வேறு வழியில் அச்செய்தியைப் பெற முடியுமா என்று முதலில் ஆராய வேண்டும். உத்தரவு இரண்டு மாதத்துக்குத்தான் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஓர் ஆய்வுக் குழு ஒவ்வோர் உத்தரவையும் பரிசீலிக்க வேண்டும். தேவை தீர்ந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும். இக்கட்டளைகள் பின்னர் தந்தி விதிகளில் சேர்ந்தன. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2024 டிசம்பரில் அதன்கீழ் ஒட்டுக் கேட்பு பற்றிய விதிகள் வெளிவந்தபோதும், ஏறக்குறைய இதே அமைப்புத்தான் தொடர்ந்தது.

ஆயினும் இதில் ஒரு குறையை நாம் மறைக்க விரும்பவில்லை. உத்தரவிடுபவர் அரசுச் செயலாளர். பரிசீலிக்கும் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்களே. நீதிபதி ஒருவரின் அனுமதி பெற்ற பிறகே ஒட்டுக் கேட்க வேண்டும் என்று 1996-இல் வழக்குத் தொடுத்தவர்கள் கேட்டார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. பரீட்சைத் தாளை எழுதியவளின் அக்காவிடமே திருத்தக் கொடுப்பது போல இருக்கிறது இது. அக்கா நேர்மையானவளாகவே இருக்கலாம். ஆனாலும் மற்ற மாணவியர் அந்த மதிப்பெண்ணை நம்புவார்களா? அமெரிக்காவில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு கொள்ளை வழக்கில், ஒருவருடைய செல்பேசி 127 நாட்கள் எந்தெந்தக் கோபுரங்களின் கீழ் இருந்தது என்பதைப் போலீசார் கம்பெனியிடமிருந்து பெற்றிருந்தார்கள். அவர் இருந்த இடங்கள் 12,898 முறை பதிவாகியிருந்தன. நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் இதைப் பெற்றது தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 ஜூனில் கூறியது. அங்கும் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். வெறும் பட்டியலுக்கே நீதிபதி வேண்டும் என்றார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

இனி நம் நாட்டின் பெரிய தீர்ப்பைக் காண்போம். 2009-இல் தொடங்கிய ஆதார் திட்டத்தில் மக்களின் விரல் ரேகையும் கருவிழிப் படமும் சேகரிக்கப்பட்டன. 2016 வரை அதற்கென ஒரு சட்டமும் இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, 2012-இல் தமது 86-ஆம் வயதில் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பேரன் பேத்திகளோடு அமைதியாக இருக்க வேண்டிய வயதில் அவர் நீதிமன்றப் படியேறினார். சாசனத்தில் அந்தரங்க உரிமையே இல்லை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 1954-இல் எட்டு நீதிபதிகளும் 1962-இல் நால்வரும் சொன்னதைச் சான்று காட்டியது. எட்டுப் பேர் சொன்னதை மாற்ற ஒன்பது பேர் வேண்டும் அல்லவா? ஆகவே ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்தார்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒரே முடிவைச் சொன்னார்கள். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே. 21-ஆம் பிரிவிலும் மற்றச் சுதந்திரங்களிலும் அது உள்ளடங்கியது. முன்னர்க் கூறப்பட்டவை அந்த அளவில் செல்லாது. 1962-இன் முரண்பாட்டையும் எடுத்துக் காட்டினார்கள். நூலகத்தில் உறங்கிய சுப்பா ராவின் பக்கங்கள் விழித்துக்கொண்டன. அவர் 1976-இலேயே மறைந்துவிட்டார். இத்தீர்ப்பில் இன்னொரு சுவையான நிகழ்ச்சியும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், சிறையில் அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976-இல் தீர்ப்பளித்தவர்களுள் ஒருவர் நீதியரசர் ஒய்.வி.சந்திரசூட். அத்தீர்ப்பு பெருந்தவறு என்று 2017-இல் எழுதி அதை நீக்கியவர் அவருடைய மகன் நீதியரசர் டி.ஒய்.சந்திரசூட். தந்தை சொல் மிக்க மந்திரமில்லை என்று படித்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். நீதிபதியின் இருக்கையில் அமர்ந்த பின் மந்திரம் வேறு.

அந்தரங்க உரிமைக்கு எல்லையே இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும். அதன் நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும். எடுக்கும் நடவடிக்கை அந்நோக்கத்தின் அளவுக்கு மிஞ்சாததாக இருக்க வேண்டும். எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தக் கூடாது என்பதைத்தான் நீதிபதிகள் சட்ட மொழியில் சொன்னார்கள். இந்த அளவுகோலைக் கொண்டு 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கும் முடிந்தது. நால்வர் ஆதார் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றனர், டி.ஒய்.சந்திரசூட் முழுவதையும் மறுத்தார். பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவை இதில் உண்டு. பள்ளியில் சேர்க்க ஆதார் கட்டாயமாகாது. எண்ணைக் காட்ட முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டத்தின் பயனை மறுக்கக் கூடாது. வங்கிக் கணக்குக்கும் செல்பேசி இணைப்புக்கும் அதைக் கட்டாயமாக்கியது செல்லாது. குழந்தையாக இருக்கும்போது பதிவு செய்யப்பட்டவர், 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் எண்ணை ரத்துச் செய்யக் கோரலாம் என்று 2019-இல் சட்டமும் திருத்தப்பட்டது. வழக்கைத் தொடுத்த புட்டசாமி 2024 அக்டோபரில் தமது 98-ஆம் வயதில் காலமானார்.

உரிமை எழுத்தில் கிடைத்தது. நடைமுறையில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சோதனை 2021-இல் வந்தது. இஸ்ரேல் நாட்டுக் கம்பெனி ஒன்று பெகாசஸ் என்ற உளவு மென்பொருளை அரசாங்கங்களுக்கு விற்று வந்தது. செல்பேசிக்குரியவர் எதையும் தொடாமலே அது உள்ளே நுழைந்துவிடும், பேச்சு, கடிதம், படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், ஒலிவாங்கியையும் திறந்துவிடும். இந்தியாவில் பத்திரிகையாளர்கள் உட்படப் பலர் அதற்கு இலக்காகியிருக்கலாம் என்று அவ்வாண்டு ஜூலையில் செய்தித்தாள்கள் எழுதின. அரசு அதைப் பயன்படுத்தியதா இல்லையா என்று நீதிமன்றம் கேட்டது. தேசப் பாதுகாப்பைக் காட்டி, விரிவான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய அரசு மறுத்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்தில் நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது என்ற கருத்தில், தலைமை நீதிபதி ரமணா தலைமையிலான அமர்வு, ஓய்வுபெற்ற நீதியரசர் ரவீந்திரன் மேற்பார்வையில் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. குழு 29 செல்பேசிகளை ஆராய்ந்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாகத் தலைமை நீதிபதி 2022 ஆகஸ்டில் திறந்த நீதிமன்றத்தில் தெரிவித்தார். கேள்வி கேட்கும் துணிவு நீதிமன்றத்துக்கு இருந்தது. பதிலை வரவழைக்கும் வழி அகப்படவில்லை.

மறு ஆண்டு பாராளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிக் கையாளக் கூடாது என்று கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களைச் சொல்லி விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. வேலிக்கு வாசல் வைப்பது தவறில்லை. வாசல் எத்தனை அகலம் என்பதை வைத்தவரே தீர்மானிப்பதுதான் நமக்கு இடறுகிறது.

கடைசியாக நம் சென்னையில் நடந்த ஒரு வழக்கு. லஞ்சக் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஒருவருடைய தொலைபேசியை ஒட்டுக் கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை உத்தரவிட்டிருந்தது. அவர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஜூலை 2 அன்று நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்துச் செய்தார். பொது அவசரநிலையோ பொதுமக்களின் பாதுகாப்புக்குக் கேடோ இல்லாதபோது, குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் மறைவில் ஒட்டுக் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்றார். பதிவுகளை உரிய காலத்தில் ஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை. எனவே அப்பேச்சுகளைச் சாட்சியமாக எந்த வகையிலும் பயன்படுத்த முடியாது. வேறு வழியில் தனியாகக் கிடைத்த சாட்சியங்களை விசாரணை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். லஞ்ச வழக்கில் சிக்கியவருக்கு இத்தனை பரிவா என்று வீட்டில் பெரியவர்கள் கோபப்படக்கூடும். 1941-இல் கொள்ளைப் பட்டியலில் ஏறிய கரக் சிங்குக்கும் ஊரில் நல்ல பெயர் இருந்திருக்காது. இந்த உரிமையைக் கேட்டு நீதிமன்றப் படியேறியவர்களில் புட்டசாமி போன்றோர் சிலரே. போலீசாரின் பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் பலர்.